முருகன் என்னைத் தரையில் உட்கார வைத்தான்

அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். முருகனோடு சண்டை பிடித்த ஒருவனாக உங்கள் முன் நின்று பேசுகிறேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு குளிர்காலம். ஊரில், இலங்கையில், பல வருடம் பெரிய ஜெட் விமானம் ஓட்டியவன் நான். லண்டனுக்கு வந்து, செவன் கிங்ஸ் பகுதியில் குடியிருந்துகொண்டு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தேன். இங்கே திரும்ப விமானி லைசென்ஸ் எடுக்கப் பட்ட பாடு எனக்கும் மனைவி சாந்திக்கும்தான் தெரியும். கடைசியில் லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய விமானத் திடலில் வேலை கிடைத்தது. ஒற்றை எஞ்சின், நான்கே இருக்கை. அவசரப் பார்சல்களை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும்.

அந்தத் தகர டப்பாவை என்னால் இறக்க முடியவில்லை!

தரையைத் தொடுவதற்குச் சற்று முன் விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். பெரிய விமானத்தில் விமானி மாடி உயரத்தில் இருப்பான். அங்கிருந்து பார்த்துப் பழகிய கண் எனக்கு. சின்ன விமானத்தில் இருக்கை தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. நானோ பழைய உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடுவேன். விமானம் வேகமிழந்து தொப்பென்று விழும். காரணம் எனக்குத் தெரியும், மனப்பாடமாகவே சொல்லுவேன். தெரிந்து என்ன? கை கேட்கவில்லையே! தலைமை விமானியான ஆங்கிலேயர் ஒவ்வொரு முறையும் "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று கத்துவார். ஒரு நாள் விழுந்த வேகத்தில் சக்கரத்தைத் தாங்கும் தண்டு வளைந்துபோனது. அன்று அவர் கத்தவில்லை. திங்கட்கிழமை கடைசிப் பரீட்சை, அதிலும் இப்படி இறக்கினால் வேலை இல்லை என்று அமைதியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சுவாமி படத்துக்கு முன் நின்று கத்தினேன். "முருகா, உனக்கு என்னதான் வேணும்? பெரிய பிளேன் கேட்டன், விளையாட்டுச் சாமான் தந்தாய். சரியெண்டு எடுத்தன். அதையாவது ஒழுங்கா இறக்க விடன்!"

"இஞ்சாருங்கோ, அவருக்குக் காது நல்லாக் கேக்கும். மெல்லக் கேளுங்கோ" என்றாள் சாந்தி, குசினிக்குள் சமைத்தபடி. எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. பிறகு அழுதேன். திரும்பவும் அந்தப் பெட்ரோல் நிலையத்துக்குப் போக எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாடகை மண்டபத்தில் நம் கூட்டுப் பிரார்த்தனை. முழங்கால் வலியால் நான் கீழே உட்காராமல் எப்போதும் கதிரையில் இருப்பவன். அன்று பார்த்து ஒரு கதிரையும் மிச்சமில்லை. இதிலுமா முருகா! அன்னதானப் பந்தியிலும் தரையில்தான். சம்மணம் போட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், மண்டபத்தின் மறுகோடி வரை தரை என் கண்ணுக்கு நேரே நீண்டு கிடந்தது. உடம்பு சிலிர்த்தது. சின்ன விமானத்திலிருந்து நான் பார்க்க வேண்டிய ஓடுபாதை இதுதானே!

சாம்பார் வாளியோடு வந்த புனிதம் அக்கா நின்றுவிட்டார். "என்ன கப்டன், நிலத்தையே முறைச்சுப் பாக்கிறியள்? சோறு இலையிலயெல்லோ கிடக்கு."

"ஓம் அக்கா. அவர் காட்டிறார், நான் பாக்கிறன்."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை நேரத்தோடு போய், நின்ற விமானத்தில் ஏறி, ஓடுபாதையின் மறுகோடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தலைமை விமானியோடு பறந்தேன். இறங்கும்போது, தரை அந்த மண்டபத் தரைபோல் கண்ணுக்கு நேரே வரும் வரை பொறுத்தேன். கை தானாகவே மூக்கைத் தூக்கியது. சக்கரம் தொட்டது எனக்கே தெரியவில்லை. மறுபடியும் இறக்கச் சொன்னார். அதுவும் அப்படியே. நாளைக்குப் பார்சல் இருக்கிறது, நேரத்துக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் காருக்குள் இருந்து விம்மி விம்மி அழுதேன்.

அன்பானவர்களே, பெரிய விமானத்தை அவன் இன்றுவரை தரவில்லை. அதற்காக இப்போதும் அவனோடு வாக்குவாதம்தான். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. நீங்களும் கேளுங்கள். பணிவாகக் கேட்க வராவிட்டால் கோபத்தோடாவது கேளுங்கள். என்னைப் போலக் கத்துகிறவனையே அவன் தினமும் ஆகாயத்திலிருந்து பத்திரமாக இறக்கி, சாந்தியிடம் அனுப்பிவைக்கிறான்.