அம்மன் இடம் மாறிய அட்டை

இந்தத் தெருவில் எந்த வீட்டு ஜன்னலுக்கும் திரை கிடையாது. மகளோடு இருக்க ரோட்டர்டாமுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை. சாப்பிடுவது, துணி மடிப்பது எல்லாமே தெருவுக்குத் தெரியும். ஆனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உடையார்பாளையத்தில் கதவு ஒரு விரல் திறந்திருந்தால் போதும், "என்ன கொழம்பு?" என்று குரல் வந்துவிடும். நான் கூச்சக்காரி. இங்கே ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே உட்காருவேன்.

மகள் கயல்விழி, கலை ஆராய்ச்சி செய்யும் ஓர் அறக்கட்டளையில் புத்தகங்களை வடிவமைக்கிறாள். எந்தப் படம் எங்கே, எழுத்து எவ்வளவு பெரிசு என்று தீர்மானிக்கிற வேலை. அவள் கிளம்பியபோது என் கொழுந்தனார் சிரித்தார்: "என்ன அண்ணி, செவுத்துல வெளம்பரம் எழுதவா புள்ளய அத்தன தூரம் அனுப்புறீங்க?" முந்திரிக்கொட்டை உடைத்துத் தோலுரிந்த கையால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன குளிர்காலத்தில் அவள் பெயர் போட்டு வரப்போகும் முதல் புத்தகத்தின் அட்டையை, அச்சுக்கு முன் பார்க்கும் பெரிய தாளில் கொண்டுவந்து விரித்தாள். நம் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பம்! வடக்கு வாசல் படியருகே, சுவாமி ஒரு பக்தன் தலையில் பூமாலை சுற்றுவார், பக்கத்தில் அம்மன். டவுன் பஸ் பிடித்துப் போய் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ஆனால் ஏதோ உறுத்தியது.

"கயலு, அம்மன் சாமிக்கு வலப்பக்கமா உக்காந்திருக்கு."

"படத்தத் திருப்பிப் போட்டேம்மா. சாமி மொகம் எழுத்தப் பாத்த மாதிரி இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். இங்க அப்படித்தான் வைப்பாங்க."

"தாலி கட்டுற வரைக்குந்தான் பொண்ணு வலப்பக்கம். கட்டுன பொறவு எடப்பக்கம் மாத்தி உக்கார வைக்கறதில்லையா? அம்மனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலையா?"

அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவுது. இப்பப் போய்ச் சொன்னா, உன் ஊர்ச் சிற்பமே உனக்குத் தெரியலையான்னு கேப்பாங்க. அடுத்த மாசந்தான் என்னை நிரந்தரம் பண்றதப் பத்திப் பேசப்போறாங்க."

"உம் பேரு போட்ட பொஸ்தகம். தப்பா வந்தா அதுதான் நிரந்தரம்."

மறுநாள் காலையில் புடவைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, "உன் ஆபீசுக்கு நானும் வரேன்" என்றேன். தனியாக விட்டால் சொல்லாமலே திரும்பிவிடுவாள் என்று பயம்.

அவள் மேலதிகாரி, மரிகே என்ற அம்மாள், கை நீட்டினார். நான் கும்பிட்டேன். கயல் வாயே திறக்கவில்லை. எனக்கு அவர்கள் மொழி தெரியாது. வந்தது வரட்டும் என்று இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். போட்டோ எடுக்கத்தான் என்று நினைத்து மரிகே பல் தெரியச் சிரித்து, கயல் தோளில் கை போட்டுக்கொண்டார். நான் அட்டையைக் காட்டிவிட்டு, கயலை அவருடைய வலப்பக்கத்திலிருந்து இழுத்து இடப்பக்கம் நிறுத்தினேன். மரிகே திகைத்துப் பார்த்தார். அப்போதுதான் கயல் பேசினாள். தானே திருப்பியதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

மரிகே அசல் படத்தைத் தேடி எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தினார். என்னிடம் ஏதோ சொன்னார். "சாமிய நகத்த வேணாம், எழுத்த நகத்துவோம்ங்கறாங்க" என்றாள் கயல். மூன்று நாள் தூங்காமல் நகர்த்தினாள்.

வேலை நிரந்தரமா என்று இன்னும் சொல்லவில்லை. கேட்கிறவர்களிடம், "தப்ப ஒத்துக்கிட்டு வேலை பாக்குறா" என்றே சொல்கிறேன்.

வீணான தாளை அவள் கிழிக்கப் போனாள். நான் வாங்கி ஜன்னல் கண்ணாடியில், படம் வீட்டைப் பார்க்கும்படி ஒட்டிவிட்டேன். திரையும் ஆயிற்று. குளிர்காலத்தில் சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டுகிற ஊர் இது. ஒருநாள் விளக்கைப் போட்டுவிட்டுக் குப்பை கொட்ட வெளியே போனேன். திரும்பும்போது பார்த்தேன்: வெளிச்சம் தாளை ஊடுருவிப் படம் பின்பக்கமாகத் தெரிய, அம்மன் சாமிக்கு இடப்பக்கத்தில், ஊரில் இருக்கிறபடியே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் போனால் மாறிவிடுவாள். குளிரில் கை விறைக்கிற வரை, அந்நியத் தெருவிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.