துரை எடுத்த எங்கள் குடும்பப் படம்

உலகத்தில் விநோதமான குடும்பங்களைத் தேடித் தேடிப் படம் பிடிக்கும் வெள்ளைக்காரத் துரை ஒருவர், எங்கள் வீட்டு முற்றத்தில் தன் சினிமாப் பெட்டியை மூன்று காலில் நிறுத்தினார். விநோதம் என்றால் நாங்கள்தான். எங்கள் ஆட்களுக்கு மருமக்கள்வழி. அப்பா செத்தால் வீடும் வயலும் அப்பாவின் தங்கை மகனுக்கு. பெண்டாட்டி பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். வாசலில் அந்த மருமகன் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பான். குடும்பச் சொத்து ஒரு கரண்டிகூட வெளியே போய்விடக் கூடாதே! சட்டம் மாறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை.

துரைக்கு அந்த இறங்குதல்தான் வேண்டும். சாவு விழும்வரை காத்திருக்க அவருக்கு நேரமில்லை. நடித்துக் காட்டினால் போதும் என்று, கூட வந்த மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரன் வீடு தேடி வந்துவிட்டானே.

"உயிரோட இருக்கப்பட்ட மனுசனுக்கு இப்பிடி ஒரு கூத்தா? எனக்கு ஏலாது" என்றாள் அம்மா.

"சொன்னதச் செய்யிட்டி. உள்ள போயி மூட்டையக் கெட்டு."

அம்மா போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். நானும் தங்கையும் அவள் பின்னால் வந்தோம். துரை கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். அத்தை மகன் வாசலை மறித்து மூட்டையை அவிழ்த்தான். இரண்டு பழைய சேலை, எங்கள் துணிமணி, அடியில் ஒரு வெண்கல உருளி. அதில் எங்கள் வீட்டுப் பெயர் வெட்டியிருந்தது.

வேறொருத்தி என்றால் கந்தலை அடைத்துக் கொண்டு வந்திருப்பாள். அம்மாவுக்கு நடிக்கத் தெரியாது. கட்டு என்றதும் நிஜமாகவே கட்டிவிட்டாள். தினமும் எங்களுக்குப் பொங்கிப் போட்ட உருளி தன்னுடையது என்று நம்பியிருக்கிறாள், பாவி.

"மாமா, பாத்தீளா?" அவன் உருளியைத் தூக்கிப் பிடித்தான்.

பெட்டிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற அப்பாவின் முகம் கறுத்தது. "நான் கண்ண மூடதுக்கு முன்னாலயே எல்லாம் கெட்டி வச்சாச்சா? எப்பம் சாவான்னு பாத்துக்கிட்டா இருந்த?"

"நீங்கதானே கெட்டச் சொன்னிய..."

பிடித்துத் தள்ளினார். அம்மா முற்றத்து மண்ணில் விழுந்தாள். துரை சுற்றுவதை நிறுத்தவில்லை. அத்தை மகன் உருளியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அவன் மட்டும்தான் அன்று சொன்னபடி நடித்தான்.

வாத்தியார் துரையிடம் என்னவோ கேட்டுவிட்டு வந்தார். "துரைக்கு ரொம்பத் திருப்தி. ஆனா வெளிச்சம் கொஞ்சம் கொறவாம். இவங்கள உள்ள கூப்பிட்டு, முதல்லேருந்து இன்னொருக்க எடுக்கணும்ங்கார்."

அம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். கூப்பிட்டுவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"ஒருக்க எடுத்தது போதும்" என்றார் அப்பா. "இனி இவ உள்ள வரண்டாம்."