பச்சைப் பெயிண்டுக்கு அடியில் இருந்த நிலை

வீராயிக்கு மறதி என்பதே கிடையாது. நல்லது செய்தவர்களையும் மறக்கமாட்டாள், கெட்டது செய்தவர்களை அதைவிட மறக்கமாட்டாள். சந்தையில் அழுகின கத்தரிக்காயைக் கலந்து போட்ட ஒருவனை வெகுநாள் கழித்துப் பஸ்ஸில் பார்த்துவிட்டாள். அவன் உட்கார இடம் கேட்டான். வீராயி பக்கத்தில் முந்தானையை விரித்துப் போட்டுக்கொண்டு, குறிஞ்சிப்பாடி வரைக்கும் அவனை நிற்கவைத்தே கூட்டிப்போனாள். கத்தரிக்காய்க்கே இந்தப் பாடு என்றால், தன் குடியையே கெடுத்தவன் கையில் கிடைத்தால் சும்மா விடுவாளா?

நிலக்கரிக்காக ஊர் ஊராகக் காலி பண்ணின காலத்தில் வீராயியின் ஊரும் போனது. சுவர் போனால் போகிறது என்று ஜனங்கள் கதவு, நிலை, கைமரம் எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வீராயியின் புருஷன் அய்யனார் தன் கையாலேயே கட்டின வீடு அது. அதில் அவன் உயிரை வைத்திருந்தது வாசல் நிலையில்தான். வைரம் பாய்ந்த வேப்பமரத்தில் செய்த நிலை. ஆசாரி நாதாங்கித் துளையை வலதுகாலில் போடுவதற்குப் பதில் இடதுகாலில் போட்டுத் தொலைத்துவிட்டான். அய்யனார் பூவரசங்கட்டையில் ஒரு முளை சீவி அந்தத் துளையை அடைத்து, "நெத்திப் பொட்டாட்டம் இருக்குது, வுடு" என்று சிரித்தான். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வீராயி அந்த நிலைக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக் குங்குமம் வைத்தாள். வேம்பு அந்த மஞ்சளைக் குடித்துக் குடித்து உள்ளே வாங்கிக்கொண்டது.

பக்கத்து வீட்டுச் சங்கரலிங்கத்திடம் வண்டிமாடு இருந்தது. சாமான்களை எல்லாம் அவன்தான் ஏற்றினான். "நீங்க முன்னால போங்கப்பா, நிலைய நான் கடேசி நடையில ஏத்திக்கினு வரேன்" என்றான். பொழுது சாயும்போது வெறும் வண்டியோடு வந்து நின்றான்.

"கழட்டி வச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன் அய்யனாரு. திரும்பி வந்து பாக்குறேன், மண்ணு சரிஞ்சி மூடிக்கிச்சு. அடியில போயிடுச்சுப்பா" என்றான். கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்துக்கொண்டான், படுபாவி.

அய்யனார் நம்பினான். ஐப்பசி மழையில், வீடு இருந்த இடத்தில் நின்ற மண்மேட்டை மண்வெட்டியோடு போய்த் தோண்டினான். வீராயி கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. இடுப்பளவு குழியில், இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று தோண்டினான். கடைசியில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் விழுந்தவன் கார்த்திகை தீபத்தைப் பார்க்கவில்லை. வீராயி மண்ணைச் சபித்தாள், மழையைச் சபித்தாள், தலையெழுத்தைச் சபித்தாள். சங்கரலிங்கத்தை மட்டும் சபிக்கவில்லை. பாடையை ஒரு பக்கம் தோளில் பிடித்துச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன மனுஷன் என்று அவன்மேல் மரியாதை வைத்திருந்தாள். பின்னால் அதை நினைக்கும்போதுதான் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அதற்கப்புறம் நிலக்கரிக் கம்பெனி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு குடிசையில் வாழ்க்கை. தனகோட்டி மேஸ்திரியின் பெயிண்ட் செட்டில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தாள். பழைய பெயிண்டை உரிப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பட்டி பார்ப்பது, வார்னிஷ் அடிப்பது என்று எல்லாம் கைக்கு வந்தது. காஸ்டிக் சோடாவில் விரல் நுனிகள் வெந்து வெந்து, கைரேகையே இல்லாமல் போனது. சங்கரலிங்கமோ மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்து, பர்மனென்ட் ஆகி, போர்மேனாகவும் ஆகி, தோட்டம் வைத்த குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டான்.

அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதம், அவன் மகள் கண்ணகிக்குக் கம்மாபுரத்தில் மாப்பிள்ளை பார்த்தான். வீட்டு முன்பக்கம் நெருக்கடி என்று பின்னால் தோட்டத்தில் பந்தல் போட்டு நிச்சயதார்த்தம் வைத்தான். தோட்டத்தைச் சுற்றி மரவேலி, மொத்தமாகப் பச்சைப் பெயிண்ட் அடித்தது. பெரிய ஆபீசர்கள் பங்களாவில் எல்லாம் மரம் தெரிகிற மாதிரி பளபளவென்று வார்னிஷ் அடித்த வேலி இருக்கும். சம்பந்தி வருகிற நேரத்தில் தன் வேலியும் அப்படியே இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. தன்னை இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வந்ததே அந்தப் பச்சைப் பெயிண்ட்தான் என்பது பெருமையில் மறந்துபோனது. தனகோட்டியைக் கூப்பிட்டு, பெயிண்டை உரித்துவிட்டுத் தேக்குக் கலர் ஏற்றச் சொன்னான்.

வீராயி வந்ததைப் பார்த்துச் சங்கரலிங்கத்தின் பெண்டாட்டி ராஜாம்பாள் மோர்கூடக் கொடுத்தாள். "நம்ம ஊருப் பொம்பளையே வேலைக்கி வந்தது நல்லதாப் போச்சு. மத்தவளுங்கன்னா ஏமாத்திப்புடுவாளுங்க" என்றாள்.

"நான் ஏமாத்தமாட்டேங்க்கா" என்றாள் வீராயி. அப்போது அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

காஸ்டிக் கரைசலைத் தேங்காய்நார்க் குச்சியால் தொட்டுப் பூசினால், சற்று நேரத்தில் பழைய பெயிண்ட் உப்பிக்கொண்டு எழும்பும். தகட்டால் தள்ளினால் தோல் தோலாக உரிந்து வந்துவிடும். வீராயி பலகைகளை முடித்துவிட்டு வேலிக்கதவின் இரண்டு தூண்களுக்கு வந்தாள். இடதுபக்கத் தூணில் பூசி, தள்ளினாள். பச்சை உரிந்தது. அடியில் மரம் சிவந்து கிடந்தது.

முதலில் தன் கைதான் கிழிந்துவிட்டது என்று நினைத்து, கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தாள். கையில் காயமில்லை. இன்னும் கொஞ்சம் பூசினாள். இன்னும் கொஞ்சம் சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆலம் சிவக்கும் என்று தெரியாத தமிழ்ப் பொம்பளை உண்டா? சுண்ணாம்பு செய்கிறதைக் காஸ்டிக்கும் செய்யும். இந்த மரம் வருஷக்கணக்கில் மஞ்சள் குடித்த மரம். தூணுக்கு யார் மஞ்சள் பூசுவார்கள்? இது நிலைக்கால். யாரோ குடியிருந்த வீட்டு வாசலின் நிலைக்கால்.

வெந்த விரல்களால் மரத்தைத் தடவிக்கொண்டே மேலே போனாள். நாதாங்கி உயரத்தில் ஒரு வட்டம் தட்டுப்பட்டது. அதன்மேல் அப்பியிருந்த பட்டியை நகத்தால் பெயர்த்தாள். பூவரச முளை அப்படியே இருந்தது.

வீராயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தாலியோடு இருந்தபோது அவள் பூசின மஞ்சள் கண்ணெதிரே சிவந்து வழிந்துகொண்டிருந்தது. மண்ணுக்கடியில் இல்லாத நிலைக்காக அவள் புருஷன் மழையில் நின்று செத்தான். நிலை இங்கே தோட்டத்து வாசலில் கோழி நுழையாமல் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சங்கரலிங்கம் ஷிப்ட் முடிந்து வந்தான். "என்னா வீராயி, நல்லா இருக்கியா? கதவாண்ட நல்லாத் தேச்சி வுடு, சம்பந்திங்க அந்த வழியாத்தான் வராங்க" என்று தூணைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு, காஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.

வாளி கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் முகம் வாளிக்கு நேராக இருந்தது. வீராயியின் கை வாளியின் காதைப் பிடித்துவிட்டது, பொய் சொல்வானேன். ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவனை ஆஸ்பத்திரியில் போட்டு, ஊர் மொத்தமும் "ஐயோ பாவம் போர்மேன்" என்று ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போயிருக்கும். அவனுக்கு ஒருத்தர் பாவம் பார்ப்பதை வீராயியால் தாங்கமுடியாது. வாளியை விட்டாள்.

"கதவாண்டதான் கவனமாச் செய்யணும்" என்றாள். மாமா என்று எப்போதும் கூப்பிடுகிறவள் அன்றைக்கு அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். அவன் கவனிக்கவில்லை.

உரித்த மரத்தைப் புளித்தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் காஸ்டிக்கின் காரம் சாகும். கழுவினாள். சிவப்பு அடங்கி மங்கலான மஞ்சளாகிப் போனது. வேலி முழுக்க உப்புத்தாள் போட்டு, தேக்குக் கலர் ஏற்றி, முகம் தெரிகிற அளவுக்கு வார்னிஷ் அடித்தாள். அப்படி ஒரு வேலையை அவள் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. இரண்டு தூண்களை மட்டும் விட்டுவிட்டாள்.

"அது ஏன் பாக்கி?" என்று தனகோட்டி கேட்டார்.

"ஈரம் வாங்கியிருக்குது மேஸ்திரி. விசேஷத்தன்னைக்கி வந்து முடிச்சிக் குடுத்துடறேன்."

தனகோட்டி அந்த முளையைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அன்றைக்கே தூண்களில் வாழைமரம் கட்டிவிட்டதால் சங்கரலிங்கத்தின் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

நிச்சயத்தன்று பந்தல் நிறைய ஜனம். பழைய ஊர்க்காரர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். கம்மாபுரத்துச் சம்பந்தியம்மா சாமியம்மாள், தட்டு வரிசையோடு வேலிக்கதவுக்கு வந்து நின்றாள். ஆலம் சுற்ற மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்ற வீராயியைப் பார்த்ததும் ராஜாம்பாளுக்கு முகம் சுருங்கியது.

"நல்ல காரியத்துக்கு எதுர்ல வந்து நிக்கிறியே, உனக்கே தெரியவேணாமா? ஓரமாப் போ."

"போறேங்க்கா. வேல கொஞ்சம் பாக்கி இருக்குது" என்றாள் வீராயி. சுண்ணாம்புக் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள், வாழைமரத்தை ஒதுக்கினாள், முந்தானையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்து, தூணை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

அத்தனை பேர் கண்ணெதிரே தூண் சிவந்தது.

பொம்பளைகளுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாமியம்மாள் கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது மஞ்ச பூசுன நிலையாச்சே. வாசல் நிலைய தோட்டத்துல நட்டு வச்சிருக்கீங்க. யாரு வூட்டுது?"

பழைய ஊர் வள்ளியம்மாள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்த முளையைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யனாரு வச்ச முளைடி இது. மண்ணுல பூட்டுதுன்னுதானே சொன்னான்? அதத் தேடித் தேடித்தானே அந்தப் புள்ள செத்தான்?"

கம்மாபுரத்திலும் பலபேர் வீட்டை விட்டுக் கொடுத்து வந்தவர்கள்தான். அவரவர் நிலை அவரவர் மனசில் நின்றிருக்கும். சாமியம்மாள் தட்டைக் கீழே வைக்கவில்லை. "பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. இந்த நிலை எந்த வாசலுக்குப் போவணுமோ அங்க போவட்டும். அந்தம்மா வாயால சரின்னு சொல்லட்டும். அப்புறம் வந்து தட்டு மாத்திக்கிறோம்" என்று திரும்பி நடந்தாள். போர்மேன் சங்கரலிங்கம் பளபளக்கிற வேலியைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். வீராயி அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் சங்கரலிங்கமே நிலைக்கால் இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். குடிசை வரிசை முழுக்க வெளியே வந்து நின்றது.

"எறக்கி வச்சிடறேன் வீராயி. சம்பந்திக்கி ஒரு வார்த்த சொல்லிடு. எம் பொண்ணு வாழ்க்க."

"வச்சிட்டுப் போறதுக்கு இது வெறவா? நடணும். தோண்டு."

ஆள் வைத்துத் தோண்டித் தருகிறேன் என்றான். "உன் கையால தோண்டு" என்றாள். சட்டையைக் கழற்றிவிட்டுத் தோண்டினான். முழங்கால் ஆழம் போனதும் நிமிர்ந்து, "போதுமா?" என்றான்.

"எங்க வூட்டுக்காரரு இடுப்பு ஆழத்துக்குத் தோண்டினாரு. அவருக்கு ஒண்ணும் கெடைக்கல. உனக்குக் கெடச்சதை நடறதுக்கே இடுப்பு வலிக்குதா?"

அவன் மறுபடி குனிந்தான். இரண்டு கால்களையும் நட்டு மண்ணை மிதித்து இறுக்கி முடித்தபோது உச்சிவெயில் வந்திருந்தது. கைகூப்பி நின்றான்.

"சொல்றேன், கண்ணகிக்காவ. ஆனா ஒண்ணு" என்றாள் வீராயி. "நிலை வந்துடுச்சு. தாலி போனவ, அதுக்கு மஞ்ச பூச எனக்குக் குடுப்பின இல்ல. அந்தக் கைய நீ வாங்கிக்கினு போயிட்டே. அதனால வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உம் பொண்டாட்டி வந்து பூசணும். நான் இருக்கிற வரைக்கும்."

கண்ணகிக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வீராயி போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை, பட்டுப்புடவை உடுத்தின ராஜாம்பாள் மஞ்சள் கிண்ணத்தோடு டவுன்ஷிப் எல்லையைத் தாண்டிக் குடிசை வரிசைக்கு வந்தாள். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பூசினாள், குங்குமம் வைத்தாள். வீராயி உள்ளே அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா வீராயி?" என்றாள் ராஜாம்பாள்.

"அடியில வுட்டுட்டீங்க அக்கா. குனிஞ்சி பூசுங்க."

ராஜாம்பாள் குனிந்தாள்.