ஒற்றையாளுக்கு ஓர் இயந்திரம்

நீரிழிவு நோயாளியாக இருப்பது ஒரு முழுநேரத் தொழில். அதில் விடுப்பும் இல்லை, பதவி உயர்வும் விரும்பத்தக்கதன்று. நான் அதில் சேர்ந்தது ஒரு பங்குனி மாதத்துக் காலை, ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு, பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்து. சக ஊழியர்களாகிய உங்களுக்கு அந்த வேளையின் இயல்பை விளக்க வேண்டியதில்லை.

சீனி எது?

"சீனியை அறவே விட்டுவிடுங்கள்" என்றார் மருத்துவர். எங்கள் ஊரில் சீனி என்றால் வெள்ளையாக இருப்பது மட்டுமே. முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்த நானும் அன்று மாலையே சீனி டப்பாவைக் காலிசெய்துவிட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறினேன்.

மூன்று வாரங்களில் இரத்தச் சர்க்கரையின் அளவு முன்னிலும் கூடியிருந்தது. பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுத்தவள் என் பழைய மாணவி. காரணத்தை விசாரித்துவிட்டுத் தயங்கிச் சொன்னாள்: "பனையில இருந்து வந்தாலும் உள்ள போனா சீனிதான் டீச்சர். நீங்கதானே எங்களுக்கு நடத்துனீங்க."

தவணை

கணவர் மறைந்தபின் வீட்டில் நான் மட்டுமே. பம்பாயிலிருந்து மகன் ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேசுவான். மாத்திரையால் சர்க்கரை இறங்கி நான் மயங்கி விழுந்தால் கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். தன்னோடு வந்துவிடச் சொன்னான். வீட்டிலேயே சோதித்து வாரந்தோறும் எண்ணைச் சொல்கிறேன், என்னை இங்கேயே விட்டுவிடு என்றேன். "ரெண்டு மாசம் பாப்போம்மா. நம்பர் சரியில்லேன்னா வீட்டைப் பூட்டிருவோம்."

ஜங்ஷன் மருந்துக்கடை

கடைக்கார அண்ணாச்சி சர்க்கரை பார்க்கும் கருவிகள் இரண்டைக் காட்டினார். மலிவானதில், சோதனைப் பட்டையில் இரத்தத்தை வைத்து, அறுபது நொடி எண்ணி, பஞ்சால் துடைத்து, அதன்பின் கருவியில் செருக வேண்டும். விலை கூடியது துடைக்காமலே எண்ணைக் காட்டும். சிக்கனம் கருதி மலிவானதை முயன்றேன். விரலைப் பிதுக்குவதா, பஞ்சை எடுப்பதா, கடிகாரத்தைப் பார்ப்பதா என்பதற்குள் எண்பது நொடி கடந்துவிட்டது.

"வீட்ல மணி பாத்துச் சொல்ல ஆள் உண்டுமா?" என்றார். இல்லை என்றேன். அவர் பைய அதைப் பெட்டிக்குள் வைத்தார். "அப்ப இது வேண்டாம் டீச்சர். இது ரெண்டாள் மிஷினு."

முதல் எண்

முதல் ஞாயிறு, ஏழே முக்கால், விலை கூடிய கருவி. மிச்சமிருந்த கருப்பட்டியை அடுத்த வீட்டு மைமூனுக்காக உடைத்து வைத்துவிட்டு விரலைக் குத்தினேன். முந்நூற்று எண்பது; குறிப்பேட்டில் எழுதினேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், பூட்டுச் சாவி எங்கே என்றுகூட யோசித்தேன். கருப்பட்டி வாங்க வந்த மைமூன் என் முகத்தையும் விரலையும் பார்த்தாள். "கையைக் கழுவுனீங்களா டீச்சர்?"

இரண்டாம் எண்

மைமூன் கருப்பட்டியோடு போனதும் கழுவித் துடைத்து மறுபடி குத்தினேன்: நூற்று முப்பத்தெட்டு. எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. முதல் எண்ணை மறைத்திருக்கலாம்; ஆனால் குறிப்பேட்டில் எழுதியது எழுதியதுதான். இரண்டையும் படித்து, விரலில் ஒட்டியிருந்த கருப்பட்டிதான் காரணம் என்றும் சொன்னேன். மகன் இரண்டு எண்களையும் திரும்பச் சொல்லிக் குறித்துக்கொண்டான். பிறகு, "தப்பான நம்பரையும் மறைக்காமச் சொல்லுதீங்க. சரிம்மா, அங்கனயே இருங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு, இந்த நற்செய்தியைச் சொல்ல வீட்டின் உட்பக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை.

கருவியின் விலையை மகன் வைகாசியில் மணியார்டராக அனுப்பினான், பட்டைகளுக்கு மாதம் பிறந்ததும் என் ஓய்வூதியம் கொடுக்கிறது, தனித்திருப்பதற்கான வாடகையாக ஞாயிறுதோறும் ஒரு சொட்டு இரத்தத்தை நான் செலுத்திவருகிறேன்.