கொலுசுக்கு எடுத்த காசு

சிட்லபாக்கம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு வெள்ளிக் காசை அதன் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து எடுத்தது. கூடு இறுகியிருந்தது. நான் கத்தி முனையால் நெம்பினேன். அவர் உள்ளங்கையை ஏந்தினார். காசு விழுந்தது.

என் மகள் நிஷாவின் முதல் பிறந்தநாளுக்குத் தாய்வீட்டுச் சீராகக் கொலுசு. கடையில் வாங்க அப்பாவுக்கு மனமில்லை. தன் காசை உருக்கித்தான் செய்ய வேண்டும் என்றார்.

அப்பா பூவராகன், கிண்டியில் ஒரு தனியார் நாணயக்கூடத்தில் அச்சு பொருத்துபவர். அவர் சேர்ந்தபோது அங்கே கையால் சுழற்றும் ஒரே பிரஸ். வெள்ளி மட்டும்தான். ஒரு பக்கம் லட்சுமி, மறுபக்கம் எடையும் தூய்மையும். பிறகு ஹைட்ராலிக் பிரஸ் வந்தது, தங்கம் வந்தது, காசை அட்டையில் வைத்து சீல் செய்யும் இயந்திரம் வந்தது. கடைசியில் கூடமே வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. அவர் போகவில்லை.

மாறாத விதி ஒன்று அங்கே இருந்தது. வெறும் விரல் பட்ட காசு விற்பனைக்குப் போகாது, உலைக்குத் திரும்பும். வியர்வை அன்று தெரியாது. சில வாரங்களில் வெள்ளியில் கறையாக எழும். அதனால் கையுறை, அதோடு ஓரத்தை மட்டும் பிடிக்கும் பழக்கம். வீட்டிலும் போட்டோ, தட்டு, எதையும் அப்படித்தான் பிடிப்பார். "தாலி கட்டும்போதுகூட என் மேல கை படல, நூலோட ஓரத்தைப் புடிச்சே கட்டிட்டாரு" என்பாள் அம்மா.

ஆயுத பூஜைக்கு ஆளுக்கொரு காசு கொடுப்பார்கள். அதில் ஒன்றைக்கூட அவர் பிரித்ததில்லை. அன்றுதான் முதல் தடவை. கட்டைவிரலால் லட்சுமியைத் தடவி, அப்படியே அழுத்தினார்.

"அப்பா, கை."

"உருக்கப் போறதுதானே, ஷர்மி. இத்தனை வருஷம் அடிச்சேன். இவ்ளோ வழவழன்னு இருக்கும்னு இப்பதான் தெரியுது."

காசைக் காகிதத்தில் மடித்து வைத்தார்; சனிக்கிழமை கொலுசு செய்யும் குன்றத்தூர் சம்பத்திடம் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தார். வெள்ளிக்கிழமை காலை பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. மாரடைப்பு.

நான் சிறுசேரியில் மென்பொருள் சோதிக்கிறவள். ஒன்று எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடுவதுதான் என் வேலை. அப்பா அடித்த காசுகள் எத்தனையோ பூஜையறைகளில் இருக்கின்றன. எதிலும் அவருடைய ரேகை கிடையாது. இல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம்.

பிறந்தநாள் நெருங்கியபோது சம்பத் போன் செய்தார். "பாப்பா கால் அளவு மாறிடும் மேடம். சார் சொன்ன காசை எடுத்துக்கினு வாங்க."

அப்பா மடித்து வைத்த காகிதத்தைப் பிரித்தேன். லட்சுமியின் மேல் பழுப்பாக ஒரு கட்டைவிரல், சுழி சுழியாக.

அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். தொடவில்லை. "அவர் ஆசைப்பட்டது கொலுசுக்குடி" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை வருகிறேன் என்று சம்பத்திடம் சொன்னேன். போகவில்லை. காசை ஓரத்தைப் பிடித்துக் கூட்டுக்குள் வைத்து மூடினேன். நிஷா இப்போது நடக்கிறாள். வரும் சத்தமே கேட்பதில்லை. கொலுசு இன்னும் செய்யக் கொடுக்கவில்லை.