மணக்குடிக் காயலில் ஆரஞ்சுத் தொப்பி: அறுபத்து நான்கு வயதில் முதல் டிரையத்லான்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிப்பதுதான் டிரையத்லான். போன வருடம் என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் வயது. மூன்று கடிதம் எழுதிச் சண்டை போட்ட பிறகு இந்த பிப்ரவரியில் சேர்த்துக்கொண்டார்கள். கட்டணம் 1,500 ரூபாய். மருத்துவர் சான்றிதழ் கொடுத்தும் மகனுடைய கையெழுத்தும் வேண்டுமாம். என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டுவிட்டு, "அப்பவே சொன்னோமே" என்று சொல்லக் காத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. நானாக நடந்து கரையேற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிறு காலை 4.30க்குத் தக்கலையிலிருந்து லோடு ஆட்டோவில் சைக்கிளை ஏற்றினேன். மணக்குடிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர், வாடகை 800 ரூபாய். ஓட்டுநர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சைக்கிள்ல ஏறிப் போவாம, சைக்கிள ஏத்திட்டுப் போறியளே?"

"அங்க போயிதான் ஓட்டணும்."

"அதுக்கு ரூவா தருவாவளா?"

"நான்தான் குடுத்திருக்கேன்."

நாகர்கோவில் தாண்டும்வரை அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

5.40க்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாருக்கும் நீலத் தொப்பி, எனக்கு மட்டும் ஆரஞ்சு. கேட்டால், அறுபது தாண்டியவர்களுக்கு அந்த நிறமாம். அறுபது தாண்டியவன் நான் ஒருவன்தான். நான் தண்ணீரில் இறங்கியதும் ஒரு வள்ளம் என் பக்கமாகவே வந்தது. துடுப்பு போட்டவர் சூசை, உள்ளூர் மீன்பிடிக்காரர், நாற்பது வயதிருக்கும். இவரை எனக்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

காயலில் 200 மீட்டர் போய், மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். இருபது நிமிடம் தாண்டினால் வெளியே. மிதவைவரை எட்டு நிமிடம். திரும்பும்போது, கரையேறும் இடத்தில் கட்டியிருந்த தோரணத்தைப் பார்த்து நேராக நீந்தினேன். நான் நீச்சல் படித்தது குளத்தில், அதுவும் யாரும் சொல்லித் தராமல். எதிர்ப் படித்துறையைப் பார்த்து நீந்தினால் அங்கேதான் போய்ச் சேருவோம்.

வள்ளத்திலிருந்து சூசை கத்தினார்: "பாட்டா, தோரணத்தப் பாக்காதேயும்! கோயில் கோபுரத்தப் பாத்து நீந்தும். பொழி தொறந்து கெடக்கு, கடலு தண்ணிய இழுக்குது!"

பொழி என்றால் காயல் கடலில் போய்ச் சேரும் வாய். அவர் சொன்ன தேவாலயக் கோபுரம் தோரணத்துக்கு வெகுதூரம் வலப்பக்கம் இருந்தது. என்னைச் சுற்றவிட்டு நேரத்தைத் தின்ன வைக்கிறார் என்று நினைத்து, நேராகவே போனேன்.

"நான் என்ன ஒம்ம சொத்தையா எழுதிக் கேட்டேன்? சரி, வள்ளத்தப் பிடிச்சி மூச்சாவது வாங்கும்."

"தொடமாட்டேன்! தொட்டா வெளிய போடுவிய!"

இடப்பக்கம், பொழியை ஒட்டி ஒரு பாலம்; அதன் தூண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அப்போது ஓர் ஆகாயத்தாமரைக் கொத்து என்னைத் தாண்டிப் பாலத்தை நோக்கிப் போனது. அதற்கு என்னிடம் பகையில்லை, தொப்பி நிறமும் தெரியாது. கோபுரத்தைப் பார்த்துத் திரும்பினேன். கை ஓய்ந்து, வாயெல்லாம் உப்பு. தோரணத்துக்கு நேர்கீழே கால் தரை தட்டியபோது 18 நிமிடம் 40 விநாடி.

சைக்கிள் சுசீந்திரம் போய்த் திரும்ப 20 கிலோமீட்டர் என்றார்கள். என் மீட்டரில் 20.7. புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், பதில் இல்லை. அப்புறம் 5 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் சேர்த்து 2 மணி 14 நிமிடம். கடைசி ஆள் நான்தான்.

வள்ளத்தைக் கட்டிக்கொண்டிருந்த சூசையிடம் போனேன். "ஒன்ன எனக்குப் பின்னால வச்சது யாரு?"

"யாரு வைக்கணும்? கடைசியில வாற ஆளத்தான பாக்க முடியும். இன்னைக்கு தோரணத்தப் பாத்து நீந்துன நாலு பேர மத்த வள்ளக்காரனுவ தூக்கிருக்கானுவ. எல்லாம் முப்பது தாண்டாதவனுவ. நீரு ஒராளுதான் திரும்புனீரு."

"ஆகாயத்தாமரையப் பாத்துத் திரும்புனேன். நீ சொல்லி இல்ல."

"சரி பாட்டா. அதுக்காவது ஒரு நன்றி சொல்லிட்டுப் போரும்."

நான் சொல்லவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: முதல் நாளே பாதையைச் சைக்கிளில் அளந்துவிடுங்கள். வள்ளத்தைப் பிடித்து ஓய்வெடுக்கலாம், பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான் விதி. இதை விசாரித்துத் தெரிந்துகொண்டது வீட்டுக்கு வந்த பிறகுதான். அவர்கள் கொடுத்த விதித் தாளில் இதை அச்சடிக்க என்ன கேடு? குளத்தில் நீந்திப் பழகியவர்கள் காயலில் தோரணத்தை நேராகப் பார்த்து நீந்த வேண்டாம், கோபுரத்தைப் பாருங்கள். இதைச் சொன்னது ஆகாயத்தாமரை அல்ல, மணக்குடி சூசை.