தட்டிப் பார்க்காத அங்சானா

1. கோசோங்

மரம் வெட்டும் கம்பெனியில் பதினாறு வருஷம் பார்த்த வேலையை ஒரு மரத்தால் விட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வரிசைக்குப் பின்னால் நின்ற கிழட்டு அங்சானா அது. வழக்கம் போல, ஏறுவதற்கு முன்னால் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினேன். நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே அழுகியிருந்தால் காலி டிரம்மைத் தட்டினது மாதிரி டொம்மென்று கேட்கும். இது டொம்மென்றது.

"கோசோங், பாஸ்" என்றேன். காலி என்பதற்கு எங்கள் வேலையில் மலாய் வார்த்தைதான். ஏறுகிறவன் கோசோங் என்று சொல்லிவிட்டால் அந்த மரத்தில் கயிறு போட்டு ஏறக்கூடாது. ஸ்கைலிஃப்ட் வண்டி வரவழைத்து, மேலே தூக்கும் அதன் கூண்டில் நின்றுதான் வெட்ட வேண்டும். ஸ்கைலிஃப்ட் என்றால் செலவு, அரை நாள் காத்திருப்பு. பாஸுக்குச் சுர்ரென்று ஏறியது. கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

"மணியம், ஒனக்கு வயசாயிருச்சு லா. பயம் வந்துருச்சு. பேசாம வீட்ல ஒக்காரு."

திட்டினாலும், மத்தியானம் ஸ்கைலிஃப்டை வரவழைத்தார். அதை நான் அன்றைக்குப் பெரிதாக நினைக்கவில்லை. எனக்கு அவமானம்தான் மனசில் நின்றது. வீட்டுக்குப் போகிற வழியிலேயே முடிவு பண்ணிவிட்டேன், இனிமேல் சொந்தமாகத்தான் என்று.

2. செல்வம்

தனியாக மரம் வெட்ட முடியாது. ஒருவன் மேலே ஏறினால் இன்னொருவன் கீழே கயிறு பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக எனக்குக் கயிறு பிடித்தவன் செல்வம். அவன் ஏறினால் நான் பிடிப்பேன். கம்போங் மேடான் ஃபிளாட்டில் மனைவி கலாவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தான். அவனுக்கு இந்த யோசனை பிடிக்கவே இல்லை. பாஸ் வாய்தான் மோசம், மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறதல்லவா, கெட்டதைத் தேடிப் போய் வாங்குவானேன் என்றான். நான் விடவில்லை. ஒரு மாசம் அவனைப் பிடித்து நச்சரித்தேன்.

"சொந்தமாப் போனா, வேணாம்னு தோணுற மரத்த வேணாம்னு சொல்லலாம்டா. எவனும் நம்மள ஏறச் சொல்ல முடியாது."

இந்தப் பேச்சில்தான் அவன் விழுந்தான். பழைய லோரி ஒன்று வாங்கிக் கதவில் என் போன் நம்பரை எழுதினோம். பெரிய காற்று மழை அடித்தபோது ஒரு மாசம் மூச்சு விட நேரமில்லை. அப்புறம் வெயில் வந்தது. போன் அடங்கிப் போனது. மூன்று வாரம் ஒரு அழைப்புக்கூட இல்லை. லோரி ஃபிளாட்டுக்குக் கீழே நின்று தூசி பிடித்தது. சொந்தத் தொழில் என்றால் சொக்சோ என்கிற அரசாங்க விபத்துக் காப்பீட்டில் நாமே போய்ப் பதிய வேண்டும். அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதையும் தள்ளிப்போட்டிருந்தேன்.

3. கிள்ளான்

நாலாவது வாரம் கிள்ளானிலிருந்து ஒரு ஆன்டி கூப்பிட்டார். வரிசை வீடு. பின்னால் பேக்லேன் என்கிற சந்தில் ஒரு அங்சானா அவர் அடுப்படிக் கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்தது. கால்வாய் ரிப்பேருக்காக ஒரு பக்கத்து வேரை யாரோ வெட்டியிருந்தார்கள். அடிமரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காளான் தட்டு வளர்ந்திருந்தது. உள்ளே அழுகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பேக்லேன் குறுகல், ஸ்கைலிஃப்ட் உள்ளே வராது. நான் அந்தக் காளானைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

"தம்பி, வேற ஆளுங்களும் வந்து பாத்துட்டாங்க. நாளைக்கே வெட்டித் தரேன்னாங்க. ஒங்களால முடியுமா, முடியாதா?" என்றார் ஆன்டி.

முடியும் என்றேன்.

லோரிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். சுத்தியல் கயிற்றுக்கு மேலேயே கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கயிற்றை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். தட்டினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வேலை இல்லை. அதனால் தட்டவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றே செய்தது.

எனக்கு அந்த மாசம் தோள்பட்டை வலி. அதனால் செல்வம் ஏற வேண்டிய முறை. இடுப்பில் ஹார்னஸ் பெல்ட் மாட்டிக்கொண்டே கேட்டான்.

"தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லாருக்கு."

இரண்டு கிளை சுத்தமாக இறங்கியது. மூன்றாவது பெரிய கிளை. அது அறுந்து விழுந்ததும் மரம் ஒரு உதறு உதறியது. அடியோடு முறிந்து, அவனைக் கட்டியிருந்த கயிற்றோடு சேர்த்து பேக்லேன் சிமெண்டில் கொண்டுவந்து போட்டது. முறிந்த அடிமரத்துக்குள் ஒரு ஆள் கையை முழங்கை வரை விடலாம். அவ்வளவு பொந்து.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனிமேல் வராது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் கலா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், மரம் நல்லாத்தானே இருந்துச்சு அண்ணே என்று. நல்லாத்தான் இருந்துச்சும்மா, திடீர்னு போயிருச்சு என்றேன். படுபாவி நான்.

4. ஞாயிற்றுக்கிழமை

லோரியை விற்றுவிட்டு ஷா ஆலமில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஏறுகிற வேலை இல்லை, கீழே நின்று மேற்பார்வை. ஞாயிறு தவறாமல் செல்வத்தைப் பார்க்கப் போவேன். குளிப்பாட்டி, சட்டை மாற்றி, சக்கர நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிவிடுவேன். எட்டு மாசம் அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஞாயிறு கலா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"செல்வம், அன்னைக்கு நான் தட்டிப் பாக்கல."

அவன் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"தெரியும். பக்கத்துலதான நின்னேன். சத்தமே கேக்கல."

"அப்புறம் ஏன்டா ஏறுன?"

"தட்டுன்னு சொன்னா நீ தட்டியிருப்ப. தட்டுனா கோசோங்னு கேட்டுருக்கும். மூணு வாரமா நானுந்தான மச்சான், வேல இல்லாம வீட்ல கெடந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அவன் அழவில்லை. கலா வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொன்னான்.

இப்போது கம்பெனிப் பையன்கள் வந்து கேட்கிறார்கள், அண்ணே, சொந்தமாப் போகலாமா என்று. போ என்றும் சொல்வதில்லை, போகாதே என்றும் சொல்வதில்லை. அந்தப் பழைய பாஸ் என்னைக் கேவலப்படுத்தினார். ஆனால் நான் கோசோங் என்று சொன்னதும் ஸ்கைலிஃப்டைக் கூப்பிட்டார். அதனால் அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். மூன்று வாரம் போன் அடிக்காமல் இருந்த பிறகும், சுத்தியலை எடுத்துத் தட்டி கோசோங் என்று சொல்லுகிற ஆள் உங்களில் யார்?

நான்தான் அண்ணே என்று உடனே கையைத் தூக்குவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.